மே தினத்து ஈரப்பதம்

எழுபதுகளின் கடைசியில், கல்லூரியில் புள்ளியியல் படித்து முடித்த கையோடு, புதுச்சேரியில் ஒரு நூற்பாலையின் சோதனை அறையில் எனக்கு வேலை கிடைத்தது. ஆலையில் ஆபீஸ் பக்கம் இரண்டே பெண்கள். ஒருவர் டைப்பிஸ்ட், இன்னொருத்தி நான். தினமும் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் கொஞ்சம் நூல் எடுத்து வந்து, அளந்து, நிறுத்து, இழுவை மெஷினில் மாட்டி, எந்த எடையில் அறுகிறது என்று குறித்துவைக்க வேண்டும். நூலை அறுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் தம்பி கேலி செய்வான். கையில் எப்போதும் நோட்டோடு அலைந்ததால் தொழிலாளர்கள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் கோடை தொடங்கும்போதே தொல்லையும் தொடங்கிவிட்டது. பஞ்சு கடைசியாக நூலாக முறுக்கப்படும் மெஷினுக்கு ரிங் பிரேம் என்று பெயர். நீளமான மெஷின், அதில் வரிசையாகக் கதிர்கள். இழை அறுந்தால் மெஷின் நிற்காது. அதைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி, சைடர் என்பார்கள், ஓடுகிற கதிரை முழங்காலால் ஒரு கணம் நிறுத்தி, விரலால் இழையைப் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு மணி நேரத்தில் இத்தனை இழை அறும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து அது தாறுமாறாக ஏற ஆரம்பித்தது. எல்லா மெஷினிலும் இல்லை. சில நாள் ஏறும், சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். நூல் வாங்குகிறவர்கள், நூல் சுற்றிய கோன் ஒவ்வொன்றிலும் முடிச்சாக இருக்கிறது என்று திருப்பியனுப்பினார்கள்.

மேனேஜர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். தொழில் தெரிந்தவர், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சமயம் ஆலையில் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. ஒரு சைடர் பார்க்க வேண்டிய மெஷின்களைக் கூட்டியிருந்தார்கள், சங்கம் அதை எதிர்த்தது. அதனால் இழை அறுவதற்கான காரணம் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். மே மாதம் பிறந்து சில நாளில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மூன்று மாதத்து ரிஜிஸ்டர்களையும் எடுத்து அலசச் சொன்னார். கணக்குப் படித்த பெண் ஒருத்தி இருப்பது ஒருவழியாக அவருக்கு ஞாபகம் வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏன் அறுகிறது என்று பார்க்கிறேன் சார் என்றேன்.

"யாருன்னு மட்டும் சொல்லும்மா. ஏன்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

கேள்வியே தப்பு என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு ரிஜிஸ்டர்களை அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன். எந்த லாட் பஞ்சு வந்த நாட்களில் அறுந்தது என்று பார்த்தேன். பஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரே பஞ்சு ஒரு நாள் நன்றாக ஓடியது, மறுநாள் ஓடவில்லை. மெஷின்வாரியாகப் பிரித்தபோது, மேற்குச் சுவரை ஒட்டியிருந்த நான்கு ரிங் பிரேம்கள்தான் மொத்தக் கோளாறுக்கும் பொறுப்பு என்று தெரிந்தது. ஷிப்டுவாரியாகப் பிரித்தபோது, மதியம் இரண்டு மணி ஷிப்டு மற்ற இரண்டையும்விட உயர்ந்து நின்றது. வரைபடத் தாளில் பென்சிலால் கோடு இழுத்தேன். ஒரு கோடு மட்டும் தென்னை மரம்போல மேலே போனது.

ஒன்றையும் பாக்கி வைக்காமல் பார்க்க வேண்டும் என்று ஈரப்பத ரிஜிஸ்டரையும் எடுத்தேன். நூலுக்கு ஈரக்காற்று வேண்டும். காற்று உலர்ந்தால் இழை மொடமொடத்து அறுந்துவிடும். அதற்காகவே பெரிய மின்விசிறிகளும் தண்ணீரைப் பூப்போலத் தெளிக்கிற சிறுகுழாய்களும் கொண்ட ஒரு பிளாண்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஷிப்டுக்கு இரண்டு முறை ஈரப்பதத்தைப் பார்த்து எழுத வேண்டும். ரிஜிஸ்டரில் மூன்று மாதமும் அறுபது, அறுபத்திரண்டு, அறுபது, ஐம்பத்தெட்டு என்று ஒழுங்காக இருந்தது. எல்லாவற்றையும் என் கையாலேயே நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டேன். காற்றில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி அந்த ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரு ஆள். மற்றவர்களுக்கெல்லாம் வாரம் ஒரு முறை ஷிப்டு மாறும். அந்த நான்கு மெஷினைப் பார்த்தவர் மட்டும் ஜனவரியிலிருந்து மதிய ஷிப்டிலேயே இருந்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. ஆக மெஷின், நேரம், ஆள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. எது காரணம் என்று இந்தக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. நான் படித்த படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அதனால் அறிக்கையில் அவர் பெயரை எழுதவில்லை. நான்கு மெஷின், மதிய ஷிப்டு என்று எழுதி, கடைசிப் பத்தியில், இரண்டு வாரம் ஆட்களை மாற்றிப்போட்டுப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்று சேர்த்தேன்.

டைப் ஆகி வந்த பிரதியில் அந்தப் பத்தி இல்லை. மேனேஜரிடம் கேட்டேன். அது தேவையில்லாத சமாச்சாரம், அறிக்கை சுருக்கமாக இருந்தால்தான் மேலே படிப்பார்கள் என்றார். நான் நின்றேன். அவர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இதை எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, இருபத்திரண்டு வயது, என்ன நடக்கும் என்று தெரியாது என்றெல்லாம். என்ன நடக்கும் என்று கொஞ்சம் தெரியும் என்பதுதான் உண்மை.

நாலாம் நாள் அந்த மதிய ஷிப்டு சைடருக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. ஆலைக்கு நஷ்டம் விளைவிக்கும் நோக்கத்தோடு உற்பத்தியைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. சாட்சியம், சோதனை அறையின் அறிக்கை.

நாற்பதைத் தாண்டிய மனிதர். மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். நான் நூல் எடுக்கப் போகும்போது பாபினை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுப்பார். அன்று நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார். கோபமாக இருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது.

"என் பேர நீங்க எழுதுனீங்களா டீச்சரம்மா?"

"பேர் எழுதலைங்க. மெஷின் நம்பரும் ஷிப்டும்தான் எழுதுனேன்."

"அந்த மெஷினுக்கு அந்த ஷிப்டுல வேற யாரு இருக்கா?"

அவரே தொடர்ந்து, "பதினெட்டு வருசமா இழை ஒட்டுறேன். அறுந்தா எனக்குத்தான வேலை ஜாஸ்தி? நானே எதுக்கும்மா அறுத்துக்கிறேன்?" என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறி மிதிக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று மாத ரிஜிஸ்டரைக் கேட்பதற்கு முன்னால் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அறை முழுக்க எண்கள் இருந்ததால் ஆளைக் கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய இடத்தில் வேறு ஒரு சைடரைப் போட்டார்கள். முதல் இரண்டு நாள் மெஷின்கள் நன்றாக ஓடின. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மேற்கிலிருந்து சூடான மேல்காற்று அடித்தது. மதியம் இழைகள் முன்னைப்போலவே அறுந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். ஆளை மாற்றியும் அறுகிறது, அப்படியானால் ஆள் காரணமில்லை சார் என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது ஆளும் சங்கத்துக்காரன்தான், எல்லோரும் ஒரே கூட்டு என்றார்.

இதற்கு மேல் என்ன பேசுவது? அறுந்தால் அந்த சைடர் செய்தார். அறாவிட்டால் அவர் போனதால் அறவில்லை. அவர் போன பிறகும் அறுந்தால் அவருடைய கூட்டாளிகள் செய்கிறார்கள். எந்த எண்ணைக் கொண்டுபோய் வைத்தாலும் அது அவருக்கு எதிராகத்தான் திரும்பியது. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ரிஜிஸ்டர்களைப் பிரித்தேன்.

இந்த முறைதான் என் சொந்தத் தப்பு கண்ணில் பட்டது. இழை அறும் கணக்கை மணிக்கொரு முறை பென்சிலால் எழுதுவார்கள், ஷிப்டு முடிவில் கூட்டுத்தொகையை மட்டும் மையால் எழுதுவார்கள். அவசரத்தில் நான் எடுத்தது மையில் இருந்த கூட்டுத்தொகைகளை. பென்சில் எண்களைப் பார்க்கவேயில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சில இடங்களில் அழிந்துபோயிருந்தவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படித்தேன். கெட்ட நாட்களில், காலை ஷிப்டின் கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அந்த நான்கு மெஷின்களில் இழை அறுவது ஏறியிருந்தது. பன்னிரண்டரை, ஒரு மணியிலிருந்தே. அப்போது மெஷினில் நின்றவர்கள் வேறு ஆட்கள், வாரா வாரம் மாறுகிறவர்கள். அவர் ஆலைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. மாலை ஐந்தரை, ஆறுக்கு, அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே, அடங்கிவிட்டது.

ஆளல்ல, பொழுது. வெயிலோடு ஏறி, கடற்காற்று வந்ததும் இறங்குகிற ஏதோ ஒன்று. அப்படியானால் காற்றின் ஈரம்தான். ஆனால் ஈரப்பதம் அறுபதிலேயே இருந்ததே?

என் நோட்டைத் திறந்து, நானே காப்பி பண்ணிய எண்களை மறுபடி படித்தேன். அப்போதுதான் கவனித்தேன், மே ஒன்றாம் தேதிக்கு நேரே அறுபது, அறுபத்திரண்டு, அறுபது என்று ஆறு எண்களும் இருந்தன. மே தினத்துக்கு ஆலை விடுமுறை. காலையில் கேட்டில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு, எல்லோரும் ஊர்வலம் போனார்கள். நான் தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்தேன். மெஷின் ஓடவில்லை, பிளாண்ட் ஓடவில்லை, ஷெட்டுக்குப் பூட்டு. பூட்டிய ஷெட்டுக்குள் மூன்று ஷிப்டிலும் யார் போய் ஈரப்பதம் பார்த்தது? அந்த வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பிளாண்டைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பெரியவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு இழுப்பார். எல்லோரும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்; கல்யாணமாகாத பெண்களை அவர் மத்மசேல் என்பார். நான் நோட்டோடு போய் அவர் எதிரில் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மே ஒன்றாம் தேதியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதக் கவனிக்காம எழுதிட்டேன்" என்றார்.

"மத்த நாளெல்லாம் பாத்து எழுதுனீங்களா?"

"எதப் பாத்து எழுதறது மத்மசேல்? தெர்மாமீட்டர் ஒடஞ்சி பொங்கலோட நாலஞ்சு மாசம் ஆவுது."

ஈரப்பதம் பார்க்க இரண்டு வெப்பமானிகள் ஜோடியாக இருக்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்த ஈரத்துணி வெப்பமானிதான் உடைந்திருந்தது. புதிது கேட்டு மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நகல்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். மூன்றாம் முறை போய்க் கேட்டபோது, ரிஜிஸ்டரில் காலி இடம் விடக்கூடாது, வழக்கமாக இருக்கிறதை எழுது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குச் சீட்டு கிடையாது. வாய்வார்த்தை. அவர் வாரக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து அந்த வாரத்துப் பக்கத்தை முழுக்க எழுதிவிடுவார். இப்போது பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க ஒரே மை, ஒரே அழுத்தம். மூன்று மாதத்துப் பக்கங்களைப் புரட்டியும் என் கண்ணில் அது படவில்லை.

அவர் மேல் கோபப்படத்தான் போனேன். ஆனால் அவரே எழுந்து என்னை மேற்குச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய் மேலே கைகாட்டினார். தண்ணீர் தெளிக்கும் சிறுகுழாய்களின் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒன்றிரண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது, மற்றவை அடைத்தே போயிருந்தன. பழைய கிணற்றில் நீர் மட்டம் இறங்கிவிட்டதென்று பிப்ரவரியில் ஆலைக்குள் ஒரு போர் போட்டார்கள். அந்தத் தண்ணீர் உப்பு. மேற்கு வரிசைக் குழாய்கள் புது போரிலிருந்து நேராக வருகிற லைனில் இருந்தன.

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"கேட்டவங்க யாரு? யாரு அறுத்ததுன்னுதான் கேட்டாங்க. எதால அறுதுன்னு யாரும் கேக்கல."

மறுநாள் லீவு போட்டுவிட்டு என் கல்லூரிக்குப் போனேன். இயற்பியல் பேராசிரியை ஒருவரிடம் கெஞ்சி, ஒரு ஜோடி வெப்பமானி இரவல் வாங்கினேன். உடைத்தால் நீதான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். பன்னிரண்டு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கொரு முறை, ஷெட்டின் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் நின்று பார்த்து எழுதினேன். பஞ்சுத் தூசி மூக்கிலும் தலைமயிரிலும் அப்பிக்கொள்ளும். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடக்க வேண்டும். தொழிலாளர்கள் முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்னும் யார் பெயரை எழுத வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள், நியாயம்தான். மூன்றாம் நாள் அந்த மாற்று சைடர் நான் கேட்காமலேயே வந்து, இப்ப அறுந்துபோக ஆரம்பிக்கும் பாருங்க என்றார். வெப்பமானியைப் பார்த்தேன். மேற்கு மூலையில் ஈரம் இறங்கியிருந்தது. கால் மணி நேரத்தில் இழைகள் அறுந்தன.

பன்னிரண்டு நாளில் கடற்காற்று மதியமே வந்த நாட்களும் இருந்தன, சாயங்காலம் வரைக்கும் மேல்காற்றே அடித்த நாட்களும் இருந்தன. கடற்காற்று வந்த நாட்களில் எல்லா மெஷினும் நன்றாக ஓடின. மேல்காற்று நாட்களில் உப்படைத்த குழாய்களுக்குக் கீழே இருந்த நான்கும் மட்டும் தடுமாறின. நாளும் மாறியது, ஆளும் மாறியது, காரணம் மாறவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அமைந்ததில்லை.

எல்லாவற்றையும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இந்த முறை நானே கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் நிதானமாகப் படித்தார். எழுந்து போய் மேற்குச் சுவர்க் குழாய்களைப் பார்த்தார். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒன்றைக் கழற்றச் சொல்லி, நகத்தால் உப்பைச் சுரண்டிப் பார்த்தார். ஜூலை முதல் வாரத்திலேயே அத்தனை குழாய்களையும் ஆசிட் ஊற்றிக் கழுவி, பழைய கிணற்றை ஆழப்படுத்தி, லைனை மாற்றிவிட்டார். அவ்வளவு வேகமாக ஒரு வேலை அந்த ஆலையில் நடந்து நான் பார்த்ததில்லை. இழை அறுவது அடங்கிவிட்டது.

நான் அவர் அறைக்குப் போய், அப்படியானால் அந்த சைடரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வீர்கள் அல்லவா சார் என்று கேட்டேன்.

"அது வேற, இது வேறம்மா. என்கொயரி ஆரம்பிச்சாச்சு."

"காரணம்தான் தெரிஞ்சு போச்சே சார்."

"குழாய் அடைச்சிருந்துச்சு, சரி செஞ்சாச்சு. அதுக்காக அவன் ஒண்ணும் செய்யலைன்னு ஆயிடுமா?"

நான் பேச வாயெடுத்தேன். அவர் போனை எடுத்தார்.

உள்விசாரணை செப்டம்பர் வரை இழுத்தது. சோதனை அறையின் முதல் அறிக்கையை, அந்தக் கடைசிப் பத்தி இல்லாத அறிக்கையை, வைத்தார்கள். இரண்டாவது அறிக்கை ஃபைலில் இல்லை. கூடவே புதிதாக ஒரு தாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இழை அறுந்த கணக்கு ஒரு பக்கம், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு இன்னொரு பக்கம். சைடர் இருந்த காலாண்டு, இல்லாத காலாண்டு. பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அவரை நீக்கியதும் கோளாறு தீர்ந்தது என்று கீழே எழுதியிருந்தது.

அவர் மே மாதம் பாதியிலேயே வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறேழு வாரம், அவர் இல்லாமலேயே, இழைகள் அறுந்துகொண்டிருந்தன. அந்த வாரங்களை அவர் இருந்த காலாண்டுக்குள் போட்டுக் கூட்டியிருந்தார்கள். ஒரு எண்கூடப் பொய்யில்லை. கூட்டலில் தப்பில்லை. பன்னிரண்டு நாள் தூசியில் நின்று நான் சரிசெய்ய வைத்ததே அவர் குற்றவாளி என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. டைப்பிஸ்ட் அந்தத் தாளை என்னிடம் ரகசியமாகக் காட்டினார். நான் அதைக் கசக்கி எறியப் போனேன், அவர் பிடுங்கிக்கொண்டார். என் வேலை போயிடும்டி என்றார்.

சைடரை டிஸ்மிஸ் செய்தார்கள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. நான் சாட்சி சொல்கிறேன் என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதமே என்னைச் சோதனை அறையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். உதிரிப் பாகங்களை எண்ணுகிற வேலை. எட்டு மாதம் எண்ணினேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலி என்று தெரிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். இரண்டாவது அறிக்கையின் நகலை நான் எடுத்துவைத்திருக்கவில்லை. நோட்டு மட்டும் என்னிடம் இருந்தது.

வழக்கு எண்பதுகளுக்குள் நுழைந்து நடந்துகொண்டே இருந்தது. வாய்தா, வாய்தா. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன், நீதிபதி வரவில்லை என்பார்கள். இன்னொரு நாள் ஆலையின் வக்கீல் வரவில்லை என்பார்கள். சைடர் மட்டும் ஒவ்வொரு முறையும் வருவார். வேலை போன பிறகு அரியாங்குப்பத்தில் ஒரு மரவாடியில் மரம் அடுக்கிக்கொண்டிருந்தார், விரல்களெல்லாம் காய்த்திருந்தன. இதற்கிடையில் அவர் மனைவி இறந்துபோனார். அதை அவர் சொல்லவில்லை, சங்கத்துக்காரர் சொன்னார். நான் துக்கம் கேட்கப் போனபோது, வாங்க டீச்சரம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னால் அதில் சரியாக உட்காரக்கூட முடியவில்லை.

கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றியபோது, நான் வரைபடத் தாளைப் பிரித்துக் காட்டி, காற்று, உப்பு, நேரம் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆலையின் வக்கீல் குறுக்கிட்டு, நீங்கள் இன்ஜினியரா என்று கேட்டார். இல்லை என்றேன். டெக்ஸ்டைல் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த முதல் அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்தா? ஆமாம். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? இரண்டும் பொய்யில்லை, முதல் அறிக்கை அரைகுறை என்றேன். ஆமா இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஆமா இல்லையில் அடங்காத ஒன்றைச் சொல்லத்தான் அத்தனை வருடம் காத்திருந்தேன். வரைபடத் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு இறங்கினேன்.

முசியேவும் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. வெள்ளைக் கோட்டு போட்டு, பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நான் எழுதினதெல்லாம் பாக்காம எழுதினது என்று நீதிபதியைப் பார்த்து அவரே சொன்னார். ஆலையின் வக்கீல் அவரை அதிக நேரம் நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் பொய் எழுதியதாக ஒப்புக்கொள்கிற ஒருவர் இன்று சொல்வதை எப்படி நம்புவது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பெரியவர் டப்பாவைத் திறக்கவேயில்லை. வெளியே வந்து, போறேன் மத்மசேல் என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெயிலில் குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடியே நடந்துபோனார்.

தீர்ப்பு சைடருக்குச் சாதகமாக வந்தது. மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் தீர்ப்பின் நகலை வாங்கி, நீதிமன்ற வராந்தாவிலேயே நின்று முழுக்கப் படித்தேன். உள்விசாரணைக்கான நோட்டீஸை அவருக்குச் சட்டப்படி உரிய நேரத்தில் கொடுக்கவில்லை, அதனால் விசாரணை செல்லாது. அவ்வளவுதான் காரணம். உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேல்காற்று இல்லை, உடைந்த வெப்பமானி இல்லை, ஆலை மூடியிருந்த நாளில் எழுதிய அறுபது இல்லை. அவர் இழையை அறுத்தாரா இல்லையா என்ற விஷயத்துக்குள் போக வேண்டிய அவசியம் எழவில்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அவரும் சங்கத்துக்காரரும் டீ வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் என்ன என்று கேட்டார். நீங்க செய்யலைன்னு இதுல எங்கயும் எழுதலைங்க என்றேன்.

"வேலை கெடைச்சிடுச்சில்ல டீச்சரம்மா?"

"கெடைச்சிடுச்சி. ஆனா ஏன் அறுந்துச்சுன்னு எழுதலையே."

"அது நமக்குத் தெரியுமில்ல. போதும், டீயக் குடிங்க ஆறிடும்."

எனக்குப் போதவில்லை. அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்பதால் டீயைக் குடித்தேன். திங்கட்கிழமை அவர் வேலையில் சேர்ந்தார். ரிங் பிரேமில் போடவில்லை, குடோனில் பஞ்சுப் பேல் இறக்கப் போட்டார்கள். சேர்ந்த அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, சேர்ந்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாலை ஸ்பெஷல் வகுப்புக்குத் திரும்பி, கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடிக்க முயன்றேன். முதல் வரியிலேயே கூட்டலைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.